தொப்புள்கொடியிலிருந்து காயக் கூழ் வரை: ஸ்டெம் செல் சுரப்பைத் தயாரித்துச் சோதிக்கும் முறை

காயத்தில் வைத்த ஸ்டெம் செல் தோலாக மாறிக் காயத்தை மூடிவிடுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மேல்தோலின் சொந்த ஸ்டெம் செல்லுக்கு அது பொருந்தும். மனித மேல்தோல் செல்களை, கதிர்வீச்சால் பெருக்கம் நிறுத்தப்பட்ட 3டி3 சுண்டெலிச் செல்களின் மேல் வளர்க்கும் வழியை ரைன்வால்டும் கிரீனும் 1975இல் காட்டினார்கள். உடலின் 95 சதவீதத்துக்கு மேல் வெந்துபோன இரண்டு சிறுவர்களை அப்படி வளர்த்த தோல் தாள்கள் காப்பாற்றிய விவரம் 1984இல் வெளிவந்தது. 2015இல் ஜெர்மனியின் போகும் நகரில், பிறவிக் கொப்புள நோயால் மேல்தோலை இழந்த 7 வயதுச் சிறுவனுக்கு, சரியான மரபணு சேர்த்து வளர்த்த மேல்தோலை உடலின் ஏறத்தாழ 80 சதவீதப் பரப்பில் ஒட்டினார்கள்.

தொப்புள்கொடி, எலும்பு மஜ்ஜை, கொழுப்பு ஆகியவற்றிலிருந்து எடுக்கும் மீசென்கைமல் ஸ்டெம் செல் வேலை செய்யும் விதம் வேறு. காயத்தில் வைத்த செல்களில் பெரும்பாலானவை சில நாள்களிலிருந்து ஓரிரு வாரங்களுக்குள் காணாமல் போய்விடும். அதற்குள் அவை வெளியே விடும் புரதங்களும் நுண்பைகளும்தான் பலன் தருகின்றன: விஇஜிஎஃப் புது இரத்தக் குழாய்களைக் கூப்பிடுகிறது, ஹெச்ஜிஎஃப் தழும்பு கட்டிப்போவதைக் குறைக்கிறது, டிஎஸ்ஜி-6 அழற்சியைத் தணிக்கிறது. இந்தச் செல்வகைக்கு 1991இல் பெயர் சூட்டிய அர்னால்ட் காப்லானே, 'ஸ்டெம் செல்' என்ற சொல்லைக் கைவிட்டு, மருந்துச் சமிக்ஞை தரும் செல் என்று பெயரை மாற்றுங்கள் என்று 2017இல் எழுதினார்.

ஆகவே இங்கே தயாரிக்கப்போவது செல் அல்ல, அதன் சுரப்பு. அந்தச் சுரப்பைச் சேகரிப்பதைவிட, ஆறியதற்குக் காரணம் அதுதான் என்று நிரூபிப்பது கடினம். அதனால் ஒப்பீட்டு மாதிரிகளுக்கு இந்த வழிகாட்டியில் நிறைய இடம் கொடுத்திருக்கிறோம். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இதில் கிடைப்பது ஆய்வுக்கூடப் பொருள். எவ்வளவு சிறிய காயமானாலும் மனிதர் மேல் தடவக் கூடாது. செல் வெளிவிடும் மிகச் சிறிய நுண்பையான எக்சோசோம் கொண்ட பொருள் எதற்கும் தான் ஒப்புதல் தரவில்லை என்றும், அப்படி விற்கப்பட்டதைப் போட்டுக்கொண்ட சிலருக்குக் கடும் பாதிப்பு ஏற்பட்டது என்றும் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2019 டிசம்பரில் எச்சரித்தது.

கொடியை வாங்குவது, பிரிப்பது

தாயின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் கையில் இருக்க வேண்டும். ஹெச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, சிபிலிஸ் நான்குக்கும் தாயின் இரத்தச் சோதனை முடிவு வரும்வரை அந்தக் கொடியின் செல்களைத் தனி இன்குபேட்டரில் வையுங்கள். அறுவைப் பிரசவத்தில் கிடைக்கும் கொடியில் கிருமி குறைவு. 15 முதல் 20 செ.மீ. நீளம் போதும். குளிர்ந்த பிபிஎஸ் (உடல் திரவத்துக்கு ஈடான உப்பு) கரைசலில் பெனிசிலின் மி.லி.க்கு 100 யூனிட், ஸ்ட்ரெப்டோமைசின் 100 மைக்ரோகிராம், ஆம்போடெரிசின் 2.5 மைக்ரோகிராம் சேர்த்து, 4 டிகிரியில் கொண்டுவாருங்கள். 12 மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கினால் நல்லது. 24 மணி நேரத்தைத் தாண்டினால் துண்டுகளிலிருந்து செல் வெளிவருவது வெகுவாகக் குறையும்.

வடிகட்டிய காற்று வீசும் லேமினார் ஹுட்டுக்குள் கொடியை 70 சதவீத எத்தனாலில் 30 விநாடி முக்கி எடுத்து, உடனே பிபிஎஸ்ஸில் மூன்று முறை அலசுங்கள். இரு முனைகளிலும் ஒரு செ.மீ. வெட்டி எறிந்துவிட்டு, மீதியை 3 செ.மீ. துண்டுகளாக்குங்கள். வெட்டு முகத்தைப் பார்த்தால் மூன்று துளைகள் தெரியும். அகலமாக, சுவர் தொய்ந்து கிடப்பது சிரை. வெள்ளையாக, தடித்துத் துருத்திக்கொண்டு நிற்கும் இரண்டும் தமனிகள். துண்டை நீளவாக்கில் பிளந்து விரித்து, தமனியின் முனையை இடுக்கியால் பிடித்து மெதுவாக இழுத்தால் நூல் உருவுவது போல முழுதாக வந்துவிடும். சிரையின் சுவரை ஸ்கால்பெலால் சுரண்டி எடுங்கள். எஞ்சுவது கலங்கிய கண்ணாடி போலப் பளபளக்கும் வழுவழுப்பான கூழ். தாமஸ் வார்ட்டன் 1656இல் விவரித்ததால் அதற்கு வார்ட்டன் ஜெல்லி என்று பெயர். குழாய்ச் சுவரை மிச்சம் விட்டால் இரத்தக் குழாயின் உட்புறத்தை மூடும் எண்டோதீலியல் செல்லும் தசைச் செல்லும் கலந்து வளரும். அவசரப்பட வேண்டிய இடம் இதல்ல.

ஜெல்லியை 2 முதல் 3 மி.மீ. துண்டுகளாக நறுக்கி, 10 செ.மீ. தட்டு ஒன்றுக்கு 20 முதல் 25 வீதம் இடைவெளி விட்டு அடுக்குங்கள். மீடியம் (செல் வளர்க்கும் ஊட்டக் கரைசல்) ஊற்றாமல், மூடி போட்டு 10 முதல் 15 நிமிடம் விடுங்கள். அப்போதுதான் துண்டு தட்டில் ஒட்டும். பிறகு தட்டின் ஓரமாக 5 மி.லி. மட்டும் ஊற்றுங்கள். முதல் நாளிலேயே 10 மி.லி. ஊற்றினால் துண்டுகள் மிதந்துவிடும், மிதந்த துண்டிலிருந்து செல் வெளியே வராது. இந்த வேலையில் புதியவர்கள் செய்யும் தவறுகளில் இதுதான் முதலிடம். மறுநாள் இன்னும் 5 மி.லி. சேர்த்துவிட்டு, மூன்று நாள் தட்டைத் தொடாதீர்கள். பார்க்கும் ஆசையில் தினமும் எடுத்து அசைத்தால் ஒட்டியதும் கழன்றுவிடும்.

மீடியம்: குறைந்த குளுக்கோஸ் டிஎம்இஎம் அல்லது ஆல்ஃபா எம்இஎம், அதில் 5 சதவீத மனிதப் பிளேட்லெட் லைசேட் (இரத்தத் தட்டணுக்களை உடைத்து எடுத்த சாறு), மி.லி.க்கு 2 யூனிட் ஹெப்பாரின். ஹெப்பாரினை மறந்தால் சில மணி நேரத்தில் மீடியம் முழுவதும் ஜெல்லாக உறைந்து, செல்களையும் துண்டுகளையும் பிடித்துக்கொள்ளும். லைசேட் கிடைக்காவிட்டால் 10 சதவீதக் கன்றுச் சீரம் பயன்படுத்தலாம். 37 டிகிரி, 5 சதவீதக் கார்பன் டை ஆக்சைடு.

5ஆம் நாளிலிருந்து 10ஆம் நாளுக்குள், துண்டின் விளிம்பிலிருந்து ஒல்லியான, இரு முனையும் கூரான செல்கள் கிளம்பும். சில நாள்களில் அவை ஒரே திசையில் திரும்பிய மீன் கூட்டம் போலத் தெரியும். உருண்டை உருண்டையாக, கூழாங்கல் பரப்பியது போல ஒட்டிக்கொண்டு வளர்ந்தால் அது எபிதீலியம் அல்லது எண்டோதீலியம். அந்தத் தட்டைக் கைவிடுங்கள். 12 முதல் 14 நாள்களில் துண்டுகளை அகற்றிவிட்டு, செல்கள் தட்டின் 70 சதவீதத்தை நிறைத்ததும் 0.05 சதவீத டிரிப்சின் நொதியில் 2 முதல் 3 நிமிடம் வைத்துக் கழற்றுங்கள்.

பெருக்குவது, அடையாளம் பார்ப்பது

சதுர செ.மீ.க்கு 4,000 செல் வீதம் விதையுங்கள். 175 சதுர செ.மீ. பரப்புள்ள டி175 பிளாஸ்க்குக்கு 7 லட்சம் வரும். 70 முதல் 80 சதவீதம் நிறைந்ததும் அடுத்த பாசேஜ், அதாவது கழற்றி மறுபடி விதைப்பது. 100 சதவீதம் வரை விட்டுவிட்டால் செல்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறும், டிரிப்சினில் தாளாகக் கழன்று வரும், சுரப்பும் மாறும். முதல் பாசேஜுக்குப் பிறகு ஆன்டிபயாட்டிக்கை நிறுத்திவிடுங்கள். அது இருக்கும்வரை சிறிய கிருமித் தொற்று தலைகாட்டாமல் ஒளிந்திருக்கும்.

இரண்டாம் பாசேஜில் பெரும்பகுதியை உறைய வையுங்கள்: குப்பிக்கு 10 லட்சம் செல், 10 சதவீத டிஎம்எஸ்ஓ (உறையும்போது செல்லைக் காக்கும் கரைப்பான்), நிமிடத்துக்கு ஒரு டிகிரி குளிர்ச்சி, பிறகு திரவ நைட்ரஜன் ஆவி. சுரப்பு சேகரிக்க 3 முதல் 5 வரையிலான பாசேஜ் போதும். அதற்கு மேல் செல்கள் தட்டையாக, பொரித்த முட்டை போலப் பரந்துவிடும். வயதான அந்தச் செல்கள் ஐஎல்-6 போன்ற அழற்சிப் புரதங்களைக் கூடுதலாகக் கொட்டும். காயத்துக்கு நேர் எதிரான சரக்கு அது.

அடையாளத்துக்கு 2006இல் சர்வதேச செல் சிகிச்சைச் சங்கம் வகுத்த வரையறை இன்றும் பயன்படுகிறது: பிளாஸ்டிக்கில் ஒட்ட வேண்டும், செல் மேற்பரப்புப் புரதங்களான சிடி105, சிடி73, சிடி90 மூன்றும் 95 சதவீதச் செல்களிலாவது இருக்க வேண்டும், சிடி45, சிடி34, சிடி14, சிடி19, ஹெச்எல்ஏ-டிஆர் ஆகியவை 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, எலும்பு, கொழுப்பு, குருத்தெலும்புச் செல்களாக மாறும் திறன் தெரிய வேண்டும். மாறச் செய்யும் மீடியத்தில் 21 நாள் வைத்து, அலிசரின் ரெட், ஆயில் ரெட் ஓ, அல்சியன் ப்ளூ சாயங்களால் பாருங்கள். தொப்புள்கொடிச் செல்லில் கொழுப்புத் துளிகள் குறைவாகத்தான் வரும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். ஹெச்எல்ஏ-டிஆர் மட்டும் ஏறியிருந்தால் அழற்சித் தூண்டல் காரணமாக இருக்கலாம். இன்டர்ஃபெரான் காமா பட்டாலே அது ஏறிவிடும்.

செல் வளர்ப்பில் தொற்றும் மிகச் சிறிய பாக்டீரியாவான மைக்கோபிளாஸ்மாவுக்கான சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். நுண்ணோக்கியில் தெரியாது, மீடியம் கலங்காது, 0.22 மைக்ரான் வடிகட்டியில் நுழைந்து போய்விடும். உறைய வைக்கும் முன் ஒரு முறை, ஒவ்வொரு சேகரிப்பின்போதும் ஒரு முறை பிசிஆர் செய்யுங்கள். தொற்றிய பிளாஸ்க்கை மருந்து ஊற்றி மீட்க முயலாமல் எறிந்துவிடுவதே சரி.

சுரப்பைச் சேகரிப்பது

கணக்கு எளிதாக வருவதற்காக 10 டி175 பிளாஸ்க் என்று வைத்துக்கொள்வோம். 80 சதவீதம் நிறைந்த நிலையில் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 30 லட்சம் செல் இருக்கும். பழைய மீடியத்தை உறிஞ்சிவிட்டு, வெதுவெதுப்பான பிபிஎஸ் 15 மி.லி. வீதம் மூன்று முறை அலசுங்கள். மூன்றாவது அலசலுக்கு முன், லைசேட் இல்லாத வெறும் மீடியத்தில் ஒரு மணி நேரம் ஊற வைத்தால், பிளாஸ்டிக்கில் ஒட்டிய லைசேட் புரதமும் ஓரளவு வெளியேறும். பிளேட்லெட் லைசேட்டிலேயே காயத்தை ஆற்றும் வளர்ச்சிக் காரணிகள் ஏராளம். அது மிச்சம் இருந்தால், நீங்கள் அளக்கப்போவது ஸ்டெம் செல்லை அல்ல, பிளேட்லெட்டை.

பிறகு ஃபீனால் ரெட் நிறமி இல்லாத, சீரமில்லாத மீடியம் பிளாஸ்க்குக்கு 15 மி.லி. ஊற்றி 48 மணி நேரம் விடுங்கள். ஆக்சிஜனைக் கட்டுப்படுத்தும் இன்குபேட்டர் இருந்தால் 2 சதவீதத்தில் வைக்கலாம். ஆக்சிஜன் குறைந்தால் செயல்படும் ஹெச்ஐஎஃப்-1 ஆல்ஃபா புரதம் வழியாக விஇஜிஎஃப் சுரப்பு கூடும். ஆனால் ஒரு தொகுதியைக் குறைந்த ஆக்சிஜனிலும் அடுத்ததைச் சாதாரண நிலையிலும் எடுத்து ஒன்றாகக் கலக்காதீர்கள்.

48 மணி நேர முடிவில், மீடியத்தை எடுத்த கையோடு இரண்டு பிளாஸ்க்குகளின் செல்களைக் கழற்றி, செத்த செல்லை மட்டும் நீலமாக்கும் டிரைபன் ப்ளூ சாயத்தில் எண்ணுங்கள். மிதக்கும் செல்களையும் சேர்த்து எண்ண வேண்டும். உயிருள்ளவை 90 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்தத் தொகுதியை ஒதுக்குங்கள். செத்த செல் உடைந்து கொட்டும் உட்பொருளும் புரத அளவைக் கூட்டிக் காட்டும், அழற்சியையும் கிளப்பும். புரத அளவு மற்ற நாள்களைவிட இரண்டு மூன்று மடங்கு ஏறியிருந்தால் மகிழ வேண்டாம், முதலில் செல் சாவைச் சந்தேகியுங்கள்.

இனி ஒப்பீடு. இதே வேலைக்கு இணையாக 5 பிளாஸ்க்குகளைச் செல் இல்லாமல் நடத்துங்கள். வெறும் மீடியத்தை மட்டும் ஊற்றி எடுத்தால் போதாது. அந்தப் பிளாஸ்க்குகளிலும் லைசேட் கலந்த மீடியம் அதே நாள்கள் இருந்திருக்க வேண்டும், அதே மூன்று அலசல், அதே 48 மணி நேரம், அதே செறிவூட்டல். லைசேட் மிச்சம் ஏதாவது வேலை செய்தால் இங்கே வெளிப்பட்டுவிடும். இரண்டாவது ஒப்பீடாகச் சாதாரணத் தோல் ஃபைப்ரோபிளாஸ்ட் (கொலாஜன் இழை செய்யும்) செல்களின் சுரப்பை இதே முறையில் எடுங்கள். எந்தச் செல்லின் சுரப்பும் காயத்துக்குக் கொஞ்சம் உதவத்தான் செய்யும். ஸ்டெம் செல்லுக்கென்று தனிச் சிறப்பு உண்டா என்பதற்கு இந்த ஒப்பீடுதான் பதில் சொல்லும். பல ஆய்வுகளில் இந்த இரண்டும் விடுபட்டுப்போவது உண்மையில் வருந்தத்தக்கது.

செறிவூட்டுவது

சேகரித்த 150 மி.லி.யை 300 ஜி (புவியீர்ப்பின் 300 மடங்கு விசை) வேகத்தில் 10 நிமிடம், பிறகு 2,000 ஜி வேகத்தில் 20 நிமிடம் சுழற்றுங்கள். ஒவ்வொரு முறையும் அடியில் ஒரு மி.லி. விட்டுவிட்டு மேலே உள்ளதை மட்டும் எடுக்க வேண்டும். புரதத்தை அதிகம் ஒட்டவைக்காத 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடிகட்டுங்கள்.

அடுத்து 3 கிலோ டால்டன் சவ்வு, அதாவது அந்த மூலக்கூறு எடைக்கு மேற்பட்டதைத் தடுக்கும் சவ்வு, கொண்ட சென்ட்ரிபியூஜ் வடிகட்டி: 4 டிகிரி, 4,000 ஜி, ஒரு சுற்றுக்கு 45 முதல் 60 நிமிடம். முதலில் பிபிஎஸ் ஊற்றி ஒரு முறை சுழற்றிவிடுங்கள், சவ்வில் பூசியிருக்கும் கிளிசரின் போய்விடும். சவ்வு வறளும் அளவுக்கு ஓட்டக் கூடாது. வறண்டால் புரதம் அதிலேயே படிந்துவிடும், பிறகு எவ்வளவு அலசினாலும் பாதி வராது. 150 மி.லி. 3 மி.லி.யாகக் குறையும்வரை, அதாவது 50 மடங்கு செறிவு வரும்வரை, தொடருங்கள். இப்போது 3 கோடி செல்களின் சுரப்பு 3 மி.லி.யில் இருக்கிறது, 100 மைக்ரோலிட்டர் என்றால் 10 லட்சம் செல்லுக்கு ஈடு. அளவை இப்படிச் செல் ஈடாகவும், புரத மைக்ரோகிராமாகவும் இரண்டு விதத்திலும் எழுதி வையுங்கள்.

எந்தச் சவ்வைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதே எது மருந்து என்பதைத் தீர்மானிக்கிறது. 3 கிலோ டால்டன் சவ்வில் விஇஜிஎஃப், ஹெச்ஜிஎஃப், டிஎஸ்ஜி-6, நுண்பைகள் எல்லாம் தங்கும். ஆனால் மூலக்கூறு எடை 352 மட்டுமே உள்ள புரோஸ்டகிளாண்டின் இ2 பெரும்பாலும் வடிந்துவிடும். மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்புச் செல்லைச் சாந்தப்படுத்துவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. 100 கிலோ டால்டன் சவ்வில் நுண்பைகள் தங்கும், தனியாக மிதக்கும் சிறு புரதங்கள் போய்விடும். ஆகவே வடிந்த நீரையும் சிறிது எடுத்து வையுங்கள், பலன் எங்கே போனது என்று பின்னால் தேட உதவும்.

எக்சோசோம் மட்டும் வேண்டுமென்றால்: 10,000 ஜி 30 நிமிடம் சுழற்றிப் பெரிய துணுக்குகளை நீக்கி, 1,00,000 ஜி 70 நிமிடம், பிபிஎஸ்ஸில் கரைத்து மீண்டும் அதே சுற்று. படிவு கண்ணுக்குத் தெரியாது. ரோட்டரில் வெளிப்பக்கம் இருந்த குழாய்ச் சுவரில் முன்கூட்டியே பேனாவால் குறியிட்டு, அந்த இடத்தைப் பார்த்துக் கரையுங்கள். குழாய் நிறைய ஊற்றாவிட்டால் சுழலும்போது நசுங்கிவிடும். கிடைத்தது நுண்பைதான் என்று காட்ட சிடி9, சிடி63, சிடி81, டிஎஸ்ஜி101 இருக்க வேண்டும், செல்லுக்குள்ளேயே தங்கும் கால்நெக்சின் இருக்கக் கூடாது. துகள் எண்ணும் கருவி புரதக் கட்டிகளையும் துகளாகவே எண்ணும். அதன் எண்ணை மட்டும் நம்பாதீர்கள்.

புரதம் ஒட்டாத குழாய்களில் 100 மைக்ரோலிட்டர் வீதம் பிரித்து, மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். ஒரு முறை உருக்கியதை மீண்டும் உறைய வைக்க வேண்டாம். ஒவ்வொரு தொகுதிக்கும் மொத்தப் புரதம், விஇஜிஎஃப், ஹெச்ஜிஎஃப், எண்டோடாக்சின் (பாக்டீரியா நச்சு), மைக்கோபிளாஸ்மா முடிவுகளைக் குறித்து வையுங்கள். எண்டோடாக்சின் ஏறிய தொகுதியை விலங்கில் போட்டால் காயம் ஆறுவது தாமதமாகும். பழி ஸ்டெம் செல் மேல் விழும்.

கீறல் சோதனை

விலங்குக்குப் போகும் முன் இதைச் செய்தால் வீணான தொகுதிகள் இங்கேயே நின்றுவிடும். 24 குழித் தட்டில் தோல் ஃபைப்ரோபிளாஸ்ட்டை முழுதாக நிறைய விடுங்கள். மைட்டோமைசின் சி மி.லி.க்கு 10 மைக்ரோகிராம், 2 மணி நேரம். இது பெருக்கத்தை நிறுத்தும், எனவே இடைவெளி மூடினால் அது நகர்வால்தான். மைட்டோமைசின் நஞ்சு, கையுறை போடுங்கள், கழிவைத் தனியாகச் சேருங்கள். 200 மைக்ரோலிட்டர் பிப்பெட் முனையைச் செங்குத்தாகப் பிடித்து ஒரே இழுப்பில் கீறுங்கள். சாய்த்துப் பிடித்தால் ஒரு விளிம்பு சீராகவும் மறு விளிம்பு கிழிந்த பாய் போலவும் வரும். இரண்டு முறை அலசிவிட்டு, ஒரு மி.லி. சீரமில்லாத மீடியத்தில் 20, 40, 100 மைக்ரோலிட்டர் செறிவூட்டிய சுரப்பைச் சேருங்கள். இவை முறையே மூல அளவு, இருமடங்கு, ஐந்து மடங்கு. தட்டின் அடியில் மார்க்கரால் கோடு போட்டு, 0, 6, 12, 24 மணி நேரத்தில் அதே இடத்தைப் படமெடுங்கள். அளவு கூடக்கூட மூடும் வேகம் கூட வேண்டும். ஐந்து மடங்கில் திடீரென்று குறைந்தால், செறிவில் சேர்ந்துவிட்ட ஏதோ ஒன்று செல்லைத் துன்புறுத்துகிறது என்று பொருள். பிபிஎஸ்ஸில் இரண்டு முறை மாற்றி அலசிச் செறிவூட்டிப் பாருங்கள்.

கூழ்

நீர்த்த சுரப்பைக் காயத்தில் விட்டால் சில நிமிடங்களில் வழிந்துவிடும். 2 சதவீத ஹயலுரோனிக் அமிலக் கூழை, மூலக்கூறு எடை 10 லட்சம் டால்டனுக்கு மேல் உள்ளதாகப் பார்த்து, கிருமி நீக்கிய பிபிஎஸ்ஸில் 4 டிகிரியில் இரவு முழுவதும் ஊற வைத்துத் தயாரியுங்கள். தூளை ஒரேயடியாகக் கொட்டினால் மேலே பசை படிந்து உள்ளே உலர்ந்த கட்டி நிற்கும். சிறிது சிறிதாகத் தூவ வேண்டும். ஒரு சிரிஞ்சில் கூழ், மற்றொன்றில் சம அளவு செறிவூட்டிய சுரப்பு. இரண்டின் வாயையும் லூயர் இணைப்பால் பூட்டி, இங்கும் அங்குமாக 20 முதல் 30 முறை மெதுவாகத் தள்ளுங்கள். வேகமாகத் தள்ளினால் நுரைத்துவிடும். நுரை உள்ள கூழில் அளவு தவறும், புரதமும் கெடும். கிடைப்பது ஒரு சதவீதக் கூழ். 50 மைக்ரோலிட்டரில் 25 மைக்ரோலிட்டர் செறிவு, அதாவது 2.5 லட்சம் செல்லுக்கு ஈடு. அன்றன்றைக்குக் கலந்து அன்றே பயன்படுத்துங்கள்.

சுண்டெலிக் காயம்

விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் இங்கிருந்து ஓர் அடி எடுத்து வைக்கக் கூடாது.

சுண்டெலியின் தோலுக்கு அடியில் மெல்லிய தசைத் தாள் ஒன்று உண்டு. காயம்பட்டதும் அது தோலை இழுத்துச் சுருக்கி மூடிவிடும். மனிதக் காயம் பெரும்பாலும் புதுத் திசு வளர்ந்து, அதன் மேல் எபிதீலியம் ஊர்ந்து மூடுகிறது. இந்த வேறுபாட்டைச் சமாளிக்க சிலிக்கோன் வளையத்தைத் தைக்க வேண்டும்: தடிமன் 0.5 மி.மீ., உள் விட்டம் 8 மி.மீ., வெளி விட்டம் 16 மி.மீ.

கருப்புச் சுண்டெலியானால் முடியை மழித்ததும் தோலின் நிறத்தைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் முடி வேர்கள் ஓய்வில் உள்ளன. சாம்பல் கலந்த கருமை திட்டுத்திட்டாகத் தெரிந்தால் முடி வளர்ந்துகொண்டிருக்கிறது. அந்தப் பகுதியில் காயம் தானாகவே வேகமாக ஆறும். 7 முதல் 9 வார வயதில் பெரும்பாலும் ஓய்வு நிலை கிடைக்கும். இதைக் கவனிக்காமல் விலங்குகளைக் கலந்துவிட்டால், குழுக்களுக்கிடையே தெரியும் வேறுபாடு மருந்தால் வந்ததா முடியால் வந்ததா என்று பிரிக்கவே முடியாது. நீரிழிவுக் காயத்துக்கு டிபி/டிபி சுண்டெலி. லெப்டின் ஏற்பி பழுதானதால் பருத்து, சர்க்கரை ஏறி, காயம் தாமதமாக ஆறும்.

ஐசோஃப்ளூரேன் 2 முதல் 3 சதவீதத்தில் மயக்கி, பிறகு 1.5 முதல் 2 சதவீதத்தில் தொடர்ந்து வைத்திருங்கள். கண்ணுக்குக் களிம்பு, அடியில் சூட்டுப் பட்டை, வெட்டும் முன்பே வலிநீக்கி புப்ரெனார்ஃபின் கிலோவுக்கு 0.1 மி.கி. 6 மி.மீ. பஞ்ச்சால் வட்டத்தைப் பதித்து, நடுவைத் தூக்கிப் பிடித்துக் கத்தரியால் தசைத் தாளோடு சேர்த்து வெட்டுங்கள். நடுக்கோட்டுக்கு இருபுறமும் ஒவ்வொன்று. வளையத்தின் அடியில் ஒட்டுப்பசையை மெல்லிசாகத் தடவி ஒட்டி, 6-0 நைலானால் 6 முதல் 8 தையல் போடுங்கள். பசை உள்ளே கசிந்து காயத்தைத் தொட்டால் அந்தக் காயம் கணக்கில் சேராது. 50 மைக்ரோலிட்டர் கூழ், மேலே ஒளிபுகும் ஒட்டுத் தாள். 0, 3, 6ஆம் நாள்களில் கூழ். ஒரு கூண்டுக்கு ஒரு சுண்டெலி. சேர்த்து விட்டால் ஒன்றின் வளையத்தை மற்றொன்று கடித்து எடுத்துவிடும்.

ஒரே சுண்டெலியில் ஒரு காயத்துக்கு மருந்தும் மற்றதற்கு வெறும் கூழும் போடுவது சிக்கனமாகத் தெரியும். ஆனால் சுரப்பு இரத்தத்தில் கலக்கும், விலங்கு நக்கும். இரண்டு காயத்துக்கும் ஒரே பொருளைப் போடுங்கள். இரண்டின் சராசரியை ஓர் எண்ணாக எடுங்கள். 8 சுண்டெலி என்றால் 8 அளவுகள்தான், 16 அல்ல. வெறும் கூழ், செல் இல்லாப் பிளாஸ்க்கின் செறிவு, ஃபைப்ரோபிளாஸ்ட் சுரப்பு, ஸ்டெம் செல் சுரப்பு என்று நான்கு குழுக்கள். குழுவுக்கு மூன்று தவணையிலும் சேர்த்து 1.2 மி.லி. செறிவு செலவாகும். 0, 3, 7, 10, 14ஆம் நாள்களில் ஒரே உயரத்திலிருந்து, சட்டத்துக்குள் அளவுகோல் தெரியும்படி படமெடுங்கள். எந்தக் குழு என்று தெரியாதவர் அளக்க வேண்டும். தையல் கழன்ற காயங்களை விலக்கும் விதியை முதல் நாளே எழுதி வையுங்கள். முடிவைப் பார்த்த பிறகு எழுதினால் அது விதி அல்ல.

7ஆம் நாள் சிலவற்றையும் 14ஆம் நாள் மீதியையும் திசுப் பரிசோதனைக்கு எடுங்கள். வளையத்தோடு சேர்த்து வெட்டி, அட்டையில் விரித்து, 4 சதவீத ஃபார்மால்டிஹைடில் 24 மணி நேரம். வெட்டு காயத்தின் நடுவே போக வேண்டும். 6 மி.மீ. வட்டத்தில் நடுவிலிருந்து 2 மி.மீ. தள்ளி வெட்டினால் அகலம் 4.5 மி.மீ. தான் தெரியும், மருந்தே போடாத காயம் கால் பங்கு ஆறியது போலக் காட்டும். ஆகவே தொடர் வெட்டுகள் எடுத்து, எபிதீலிய இடைவெளி மிக அகலமாக இருக்கும் துண்டையே அளக்கவும். சிடி31 சாயத்தில் இரத்தக் குழாயையும், மேசன் ட்ரைக்ரோமில் கொலாஜன் அடுக்கையும் பாருங்கள்.

மனிதக் காயத்தில் இதுவரை தெரிந்தது

உயிருள்ள செல்லையே காயத்தில் வைக்கும் அங்கீகரிக்கப்பட்ட ஆய்வில் பங்குபெறும் மருத்துவர்களுக்குச் சில குறிப்புகள். நோயாளியின் சொந்த மஜ்ஜைச் செல்லை, இரத்தம் உறையும்போது உருவாகும் புரதமான ஃபைப்ரினோடு தெளித்து 2007இல் வெளியான ஆய்வில், காயத்தின் சதுர செ.மீ.க்கு 10 லட்சம் செல்லுக்கு மேல் வைத்தபோது காயம் சுருங்குவதோடு தெளிவான தொடர்பு தெரிந்தது. உறைநிலையிலிருந்து எடுத்த செல்லில் உயிருள்ளவை 70 சதவீதத்துக்குக் குறைந்தால் பயன்படுத்தக் கூடாது. செல்கள் கட்டி கட்டியாகச் சேர்ந்தால் அதற்குச் செத்த செல்லின் டிஎன்ஏதான் பசை.

செல் வைக்கும் இடமும் தயாராக இருக்க வேண்டும். செத்த திசுவை இரத்தம் கசியும் தளம் தெரியும்வரை வெட்டி நீக்க வேண்டும். நீரிழிவுக் காலில் கணுக்கால் இரத்த அழுத்த விகிதம் நன்றாக இருப்பதாகக் காட்டினாலும், சுண்ணாம்பு படிந்த தமனி ஏமாற்றக்கூடும். கால் விரல் அழுத்தத்தையும் பாருங்கள். அது 30 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே இருந்தால் முதலில் இரத்த ஓட்டத்தைச் சரிசெய்ய வேண்டும். உள்ளங்கால் புண்ணுக்கு அழுத்தத்தை நீக்கும் கட்டு இல்லாமல் எந்தச் செல்லும் உதவாது. இவற்றையெல்லாம் ஒழுங்காகச் செய்து 4 வாரத்தில் பரப்பு பாதியாகக் குறையாத புண்ணைத்தான் இந்தச் சிகிச்சைக்கு எடுத்துக்கொள்வது நியாயம். செல் வைக்கும் நாளில் போவிடோன் அயோடினும் வெள்ளி கலந்த கட்டும் வேண்டாம். கிருமியைக் கொல்வது போலவே செல்லையும் கொன்றுவிடும். முன்பு பயன்படுத்தியிருந்தால் காயத்தை உப்புநீரால் தாராளமாக அலசி, நிறமும் படிவும் போன பிறகே ஃபைப்ரினைத் தெளியுங்கள்.